பிரசவப் பயிற்சிக்கு அரசு நிதி கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். கல்வராயன் மலைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கே இருக்கும் மூன்று நர்ஸுகளில் இரண்டு பேர் புதுசு, 21 நாள் எஸ்.பி.ஏ. (பிரசவம் பார்க்கும் திறன்) பயிற்சிக்கு இன்னும் போகவில்லை. போன மாதம் ராத்திரி ஒரு அம்மாவுக்குக் குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, வயிற்றின் மேல் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே 108-ல் மலை இறங்கினோம். பிழைத்துவிட்டார். அன்றைக்கு அந்தப் புது நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் டியூட்டியில் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயிற்சிக்கான பணம் என்.எச்.எம். (தேசிய நலவாழ்வு இயக்கம்) நிதியில், மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில், மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வருகிறது என்பது வரை தெரியும். வட்டார மருத்துவ அலுவலர் மூலம் ஆண்டுத் திட்டத்தில் எங்கள் தேவையைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் யாராவது இருந்தால் அதன் மாதிரியைப் பகிருங்கள். ஒருவரை 21 நாள் அனுப்பினால் இங்கே ராத்திரி டியூட்டிக்கு ஆள் இல்லை, அதுதான் பெரிய சிக்கல், மாற்று ஆள் கேட்டு வாங்க முடிந்ததா? அப்புறம், ரத்தப்போக்கு, பிரசவ நேர வலிப்பு இரண்டுக்கும் பொம்மை வைத்து இங்கேயே பழக்க பயிற்சியாளர்களை மலைக்கு வரவழைத்தவர்கள் உண்டா? கிராம சுகாதார செவிலியர் அக்காக்களும் சொல்லுங்கள். இந்த வாரமே கடிதம் கொடுக்க நினைக்கிறேன்.