பழைய பத்திரிகைகளில் ‘இன்ஸ்டன்ட்’: தேதி கணக்கிட உதவி தேவை

நண்பர்களே, 19ஆம் நூற்றாண்டு லண்டன் பத்திரிகைகளைப் படித்துப் பழகியவர்கள் உதவுங்கள். அவற்றில் ‘இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்டிமோ’ என்றால் போன மாதம். சரி, எந்த மாதத்திலிருந்து எண்ணுவது? டிரஃபால்கர் கடற்போர் பற்றி பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி காலிங்வுட் 1805 அக்டோபர் 22 அன்று எழுதிய அறிக்கையில் ‘19ஆம் தேதி இன்ஸ்டன்ட்’ என்று வருகிறது. லண்டனில் அது நவம்பரில் அச்சானபோதும் அந்தச் சொல்லை மாற்றவில்லை. ஆக, அது அக்டோபர் 19தான். அறிக்கையிலேயே தேதி இருப்பதால் தப்பித்தோம். வேறொரு பத்திரிகையிலிருந்து எடுத்துப் போட்ட, மூலத் தேதியே இல்லாத துணுக்குகளில்தான் திண்டாட்டம். மறுபடி அச்சிட்டவர்கள் இந்தச் சொல்லைத் திருத்துவார்களா, அப்படியே விட்டுவிடுவார்களா? கிழமையை வைத்துச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.