மறுமொழி: ‘சோதனைச்சாவடித் தடுப்பான்’ என்ற சொல் பற்றி

ஐயா, வணக்கம்.

‘செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்’ (checkpoint inhibitor) என்ற புற்றுநோய் மருந்து வகைக்கு நீங்கள் தந்த ‘சோதனைச்சாவடித் தடுப்பான்’ ஆங்கிலச் சொல்லுக்கு நேரானதுதான். ஆனால் சிகிச்சையில் இருக்கும் என் அத்தைக்கு இந்த மருந்தை விளக்கப் போனபோது அது கைகொடுக்கவில்லை. “சாவடியில திருடனைத்தானே பிடிப்பாங்க, அதை ஏன் தடுக்கணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நம் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள் புற்றணுவை (புற்றுநோய்ச் செல்லை) அடையாளம் கண்டு கொல்லக்கூடியவை. வேகம் மிகுந்து நம் சொந்தத் திசுவையே தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேல் பிடி-1, சிடிஎல்ஏ-4 போன்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உரிய புரதம் வந்து பொருந்தினால் செல் அடங்கிவிடும். பல புற்றணுக்கள் பிடி-எல்1 புரதத்தைத் தம்மேல் ஏந்தி, பிடி-1உடன் பொருந்தித் தப்பிவிடுகின்றன. அந்தப் பொருத்தத்தை மறிக்கும் எதிர்ப்பொருள்தான் (antibody) மருந்து. இந்த வழியைத் திறந்ததற்காகவே ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

இதை விளக்கச் சாவடியைவிடத் தேரின் முட்டுக்கட்டை பொருந்தும். மயிலாப்பூரில் பங்குனித் தேர் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மாட வீதி முனையில் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். உடலுக்கும் அப்படி ஒரு கட்டை தேவை. புற்றணு செய்வது, அதே கட்டையை வேண்டாத இடத்தில் செருகித் தேரை நிறுத்திவிடுவது.

செய்தித்தாளில் முட்டுக்கட்டை என்றாலே கெட்ட பொருள்தானே, ‘கடிவாளம்’ போதாதா என்று நம் குழுவில் அக்கா ஒருவர் எழுதியிருந்தார். கடிவாளம் எப்போதும் குதிரைக்காரர் கையில்தான் இருக்கும். கட்டையையோ யாரும் செருகலாம். புற்றணுவின் தந்திரம் அதில்தான் விளங்குகிறது. பக்கவிளைவும் அதே சொல்லில் அடங்கிவிடுகிறது: கட்டையை எடுத்த தேர் திண்ணையில் மோதுவதுபோல, இந்த மருந்தால் குடல், நுரையீரல், தைராய்டு ஆகியவற்றில் அழற்சி வரலாம். நோயாளிக்கு இது முன்கூட்டியே புரிந்திருப்பது மிக முக்கியம். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் சாதாரண உபாதை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்வார்.

ஆகவே அந்தப் புரதங்களுக்கு ‘எதிர்ப்பு முட்டு’ என்று வைக்கலாம். மருந்துக்கு முதலில் ‘முட்டுநீக்கி’ என்று நினைத்தேன். அப்புறம், நீக்கி என்றால் புரதமே போய்விட்டதாகத் தோன்றுமே என்று பட்டது. அது செல்லின் மேல் அப்படியேதான் இருக்கிறது; மருந்து பிடிப்பை மட்டும் விலக்குகிறது. அதனால் ‘முட்டுவிலக்கி’. சரிதானா என்று குழுவில் உள்ள மருத்துவர்கள் சொல்லுங்கள்.