இஸ்ரேலில் குடியேறிய யூதர்கள் எதற்கெல்லாம் நன்றி சொல்கிறார்கள்? – அனுபவப் பகிர்வு

பீர்ஷெவாக்காரன்

பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு வந்து பீர்ஷெவாவில் குடியிருக்கிறேன். குறை சொல்வதில் இந்த நாட்டுக்காரர்களை யாரும் ஜெயிக்க முடியாது. வாடகை, வரி, அரசாங்கம், மாடி வீட்டுக்காரரின் நாய், எதுவும் தப்பாது. பாலாடைக்கட்டி விலை ஏறிவிட்டது என்று 2011-ல் ஊர் ஊராகச் சேர்ந்து வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இதற்கு நடுவில், வெளிநாட்டிலிருந்து குடியேறி வந்த முதல் தலைமுறை ஆட்கள் மட்டும் நாம் எதிர்பார்க்காத இடத்தில் எதற்காவது கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்வார்கள். நம்மவர்கள் கவனித்திருப்பீர்கள், அவரவர் அனுபவத்தை எழுதுங்கள்.

நான் பார்த்தது இது. ஜெருசலேம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஏறியவர் எத்தியோப்பிய அம்மா ஒருவர், தலையில் வெள்ளைப் பருத்தித் துணி. பயண அட்டையைக் கருவியில் ஒற்றியதும் அந்த விரல்களை உதட்டில் வைத்துக்கொண்டார். வீட்டு நிலையில் பதித்திருக்கும் மெசூசாவை (வேத வசனச் சுருள் வைத்த சின்னக் கூடு) தொட்டு இப்படி முத்தமிடுவார்கள், அது தெரியும். டிக்கெட் கருவிக்கு ஒருவர் முத்தம் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்து இருக்கை கிடைத்தது, என் அரைகுறை ஹீப்ரூவில் பேச்சுக் கொடுத்தேன்.

1984-ல் சிறுமியாக கோண்டர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சூடான் வரை நடந்து வந்தவர். இரவில் நடை, பகலில் ஒளிவு. தம்பி அகதி முகாமிலேயே இறந்துபோனான். அந்த வழியில் செத்தவர்கள் மட்டும் சுமார் 4,000 பேர் என்பார்கள். மிஞ்சியவர்களில் ஏழெட்டாயிரம் பேரை மோசே நடவடிக்கை என்று பெயர் வைத்து ரகசியமாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். (1991-ல் ஒன்றரை நாளில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றிவந்த சாலமோன் நடவடிக்கைதான் எல்லோருக்கும் தெரியும். அது அப்புறம் நடந்தது.) ஊரில் 'யெருசலேம்' என்றால் தாத்தா பாட்டி அழுதுகொண்டே சொல்கிற பெயராம். "இப்போது பார், நெற்றியில் ஜெருசலேம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வண்டி அரை மணிக்கு ஒன்று வருகிறது" என்று சிரித்தார்.

யாத்திரைக்குப் போகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, கண் டாக்டரைப் பார்க்கப் போகிறார்.

இறங்குவதற்குள் குறையும் வந்துவிட்டது. எத்தியோப்பியப் பையன் ஒருவனைப் போலீஸ் அடித்ததற்காக 2015-ல் நடந்த ஆர்ப்பாட்டத்தில் அவர் மகனும் இருந்தானாம். "எங்கள் நிறத்தைப் பார்த்து இன்னும் யூதர்தானா என்று கேட்கிறவன் இருக்கிறான்" என்றார். முத்தமிட்ட அதே வாய்தான் சொன்னது.

குமரிப் பெண்

அண்ணா, நான் கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு பக்கம். எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவோம். அதனாலேயே எனக்கு நெவாத்திமில் வேலை கிடைத்தது. பீர்ஷெவாவிலிருந்து கொஞ்ச தூரம்தானே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1954-லிருந்து கொச்சி யூதர்கள் குடியிருக்கிற கிராமம். நான் பார்த்துக்கொள்கிற அம்மச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பறவூரில் பிறந்தவர். பிள்ளைகளிடம் ஹீப்ரூ, என்னிடம் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

அவர்கள் கிளம்பி வந்ததே பெரிய கதை. இங்கே வருவதற்காக வீடு வாசலை விற்றுவிட்டார்கள். அப்புறம் பார்த்தால், கொச்சிக்காரர்களுக்கு யானைக்கால் நோய் இருக்கிறது, அது பரவிவிடும் என்று பயந்து இங்குள்ள அதிகாரிகள் அனுமதியை இழுத்தடித்தார்களாம். விற்ற பணத்தை உட்கார்ந்து தின்றபடி காத்திருந்தோம் என்பார். கடைசியில் வந்து சேர்ந்தால், புழையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நெகேவ் பாலைவனம். "இறக்கிவிட்டு லாரி திரும்பிப் போனதும் அம்மா மண்ணில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அடுத்த நாள் கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். அழ நேரமில்லை." வியாபாரம் தவிர ஒன்றும் தெரியாதவர்கள் கோழி வளர்த்து, பிறகு பூ வளர்த்து முன்னுக்கு வந்தார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாஹு பெசலேல் பூச்செடி வளர்ப்பில் பேர் வாங்கி, இந்திய அரசின் பிரவாசி பாரதீய சம்மான் விருதே பெற்றார்.

எந்த விஷயத்துக்கு அம்மச்சி நன்றி சொல்வார் என்று கேட்டால், மழைக்கு. காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

கூடாரப் பண்டிகை முடிகிற நாளில், அக்டோபர் வாக்கில், உலகத்தில் எங்கே இருக்கிற யூதர்களும் தொழுகைக்கூடத்தில் மழைக்காகப் பிரார்த்தனை செய்வார்கள். அவர்கள் கேட்பது தாங்கள் இருக்கும் ஊருக்கு மழை இல்லை, இந்த நாட்டுக்கு. பறவூரில் அது துலா மாசம். வெளியே இடியும் மின்னலுமாகத் துலாவர்ஷம் கொட்டிக்கொண்டிருக்கும், பள்ளிக்குள்ளே ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்று "மழையைத் தா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்களாம். (தொழுகைக்கூடத்தை அவர்கள் பள்ளி என்றுதான் சொல்வார்கள்.) "ஓட்டிலிருந்து தண்ணீர் உள்ளே ஒழுகும், அப்பன் மழை கேட்பான். எனக்குச் சிரிப்பு வரும், அம்மா நுள்ளுவாள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இங்கே மே மாசம் நின்றால் அக்டோபர் வரை வானம் ஒரு சொட்டு தராது. நெகேவின் இந்தப் பக்கம் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 200 மில்லிமீட்டர் வந்தால் உண்டு. நம் ஊரில் மேட்டூர் அணை நீர்மட்டத்தை நியூஸில் சொல்கிற மாதிரி இங்கே கலிலேயாக் கடல் மட்டத்தைச் சொல்வார்கள், சிவப்புக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று. அம்மச்சி அதைத் தவறவிட மாட்டார். போன வருஷம் முதல் மழை விழுந்தபோது பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. அதையும் மீறி ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் சடசட என்ற சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார். கையை நீட்டி நனைத்து, அந்த ஈரக்கையால் என் கன்னத்தைத் தடவி, "அப்பன் கேட்டது வந்நு மோளே" என்றார். அடுத்த நிமிஷமே, கறிவேப்பிலைத் தொட்டியை மழையில் தூக்கி வை, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று ஒரு திட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் துரத்தப்பட்டு வந்தவர்கள் இல்லை. "அங்கே எங்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்று அம்மச்சி நூறு தடவை சொல்லியிருப்பார். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியின் உட்புறத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கூட்டிப்போனபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி அடம். கொச்சியில் வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

கார்மேல் மலை

ஹைஃபாவிலிருந்து எழுதுகிறேன். என் எதிர்வீட்டுக்காரர் 1990-ல் லெனின்கிராடிலிருந்து வந்தவர். சோவியத் யூனியன் உடைகிற சமயத்தில் தொடங்கிப் பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் வந்தார்கள் இல்லையா, அந்த அலை. அங்கே பாலம் கட்டும் பொறியாளர். இங்கே வந்து தெருப் பெருக்கினார், பிறகு நகராட்சியில் வரைபட வேலை கிடைத்தது. கடவுள் நம்பிக்கை சுத்தமாகக் கிடையாது. பன்றி இறைச்சி விற்கும் ரஷ்யக் கடையில் அவர்தான் முதல் வாடிக்கையாளர்.

ஆனால் பஸ்கா பண்டிகை வாரத்தில் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் போவார், வாங்க இல்லை, பார்க்க. அந்த வாரம் ரொட்டி அடுக்குகளை வெள்ளைத் தாள் போட்டு மூடிவிடுவார்கள். புளிக்காத மட்சா ரொட்டி பெட்டி பெட்டியாகக் கூரை வரை ஏறியிருக்கும். மட்சா மலைக்கு முன்னால் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நிற்பார். லெனின்கிராடில் அவருடைய பாட்டி மட்சாவைத் தலையணை உறைக்குள் வைத்து இருட்டின பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவருவாளாம், பக்கத்து வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அங்கே உள்நாட்டு அடையாளச் சீட்டிலேயே 'யூதர்' என்று எழுதியிருக்கும், 'ஐந்தாவது வரி' என்பார்கள். அந்த ஒரு வரியால் அவர் கேட்ட கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. "இங்கே தள்ளுபடி விலையில் விற்கிறான்! சலித்துப்போய், வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள்!" அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். அவரே மட்சா சாப்பிட மாட்டார், அட்டையைத் தின்பது போல் இருக்கிறதாம்.

அவருடைய மனைவியின் அம்மா யூதர் இல்லை. நாடு குடியுரிமை கொடுத்தது, ஆனால் தாய் வழியைப் பார்க்கிற ரபிகள் (யூத மதகுருக்கள்) அவர்கள் மகளின் திருமணத்தைப் பதிய மாட்டோம் என்றார்கள், பிள்ளைகள் சைப்ரஸ் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். "அங்கே நாங்கள் யூதர்கள், இங்கே ரஷ்யர்கள்" என்று அவர்கள் நடுவே ஒரு பேச்சே உண்டு.

டெல் அவிவ் கணினி

என்னுடையது சின்னது. எங்கள் குழுத் தலைவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர், பாதிச் சம்பளத்துக்கு. ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "டிசம்பர் 25 வேலை நாள்" என்றார். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் யூதப் பண்டிகைக்கு லீவு கேட்டு ஒவ்வொரு வருஷமும் கடிதம் கொடுக்க வேண்டுமாம். இங்கே யூதப் புத்தாண்டு நெருங்கினால் டவுன் பஸ்ஸின் மின்பலகையிலேயே 'பண்டிகை வாழ்த்துகள்' என்று ஹீப்ரூவில் ஓடும். அதைப் படம் எடுத்து நியூஜெர்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவார்.

நாடோடி

எல்லாரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள், நானும் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். யூதர்கள் எங்கிருந்தும் வந்து குடியேறலாம் என்று 1950-ல் போட்ட திரும்பும் உரிமைச் சட்டம் லெனின்கிராட்காரருக்கும் நியூஜெர்சிக்காரருக்கும் கதவைத் திறக்கிறது. 1948-ல் இதே மண்ணை விட்டுப் போன ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்களுக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் திறப்பதில்லை. நெவாத்திமைச் சுற்றி பெதூயின் அரபுகளின் கிராமங்கள் இருக்கின்றன. அரசாங்கம் அங்கீகரிக்காததால் பலவற்றுக்கு மின்இணைப்பே கிடையாது. அம்மச்சி கேட்ட மழை அங்கேயும்தான் பெய்கிறது, தகரக் கூரை மேல். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

பீர்ஷெவாக்காரன்

சரிதான் தோழர், மறுக்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பெதூயின் மாணவர் ஒருவர் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் படித்து வந்தவர். நான் கேட்டது குடியேறியவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்பதை. அது உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது.

தாராவித் தமிழன்

கட்டுமான வேலைக்கு வந்தவன் நான். பிறந்து வளர்ந்தது மும்பை தாராவி, மராத்தி தண்ணி பட்ட பாடு. திமோனாவில் ஒரு கடையில் சேவ் பாக்கெட்டைப் பார்த்து "அரே வா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், கல்லாவில் இருந்த பெரியவர் மராத்தியிலேயே "எந்த ஊர் தம்பி?" என்றார். பெனே இஸ்ரேல் யூதர். அன்றிலிருந்து அவர் எனக்குக் காகா, அதாவது சித்தப்பா.

காகா சனிக்கிழமைக்கு நன்றி சொல்கிறவர். கொங்கண் கரையில் அவர்கள் முன்னோர் செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்தவர்கள். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், செக்கைத் தொட மாட்டார்கள், அதனால் ஊரில் 'ஷனிவார் தேலி' (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்று பெயர். பம்பாய்க்கு வந்து ரயில்வே, மில் என்று வேலைக்குச் சேர்ந்ததும் அது போயிற்று. காகாவின் அப்பா ரயில்வே குமாஸ்தா. சனிக்கிழமை காலையில் தொழுகைத் தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போவாராம். "இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸே நின்றுபோகிறது பார், நான் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை." சனிக்கிழமை பஸ் ஓடாததைத் திட்டுகிற ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் எரிச்சல்தான், இருக்கிற ஒரே லீவு நாளில் எங்கேயும் போக முடியாது. காகா ஒருத்தர்தான் அதற்கே சந்தோஷப்படுகிறவர்.

அவர்களையும் இந்த நாடு லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1951, 52-ல் பீர்ஷெவாவிலிருந்து போன ஒரு கூட்டம், எங்களைத் திருப்பி இந்தியாவுக்கே அனுப்புங்கள் என்று போராட்டம் பண்ணி, கொஞ்சம் பேர் நிஜமாகவே திரும்பிப் போனார்கள். அப்புறம் இவர்களோடு கல்யாண சம்பந்தம் வைக்கலாமா என்று ரபிகள் வம்சம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். 1964-ல் ஜெருசலேமில் பெரிய போராட்டம் நடந்து, இவர்கள் முழு யூதர்கள்தான் என்று நாடாளுமன்றம் சொன்ன பிறகுதான் அடங்கியது. காகா அந்தக் கூட்டத்தில் தரையில் படுத்திருந்தவராம்.

போன மாதம் பேரனுக்கு வீடு அமைந்ததற்காக மலிதா வைத்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். எலியா தீர்க்கதரிசி பேரைச் சொல்லி அவர்கள் வைக்கிற நேர்ச்சை அது. அவலை நனைத்து, தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், உலர் திராட்சை போட்டுக் கிளறி, தட்டில் குவித்து, சுற்றிலும் பழம் அடுக்குவார்கள். பேரீச்சம்பழத்துக்கு ஒரு வேண்டுதல், வாழைப்பழத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போடவேண்டும். நான் அவசரப்பட்டுக் கையை நீட்டினேன், காகி கையைத் தட்டிவிட்டார்.

குமரிப் பெண்

தாராவி அண்ணா, அவல் கெட்டியா மெல்லிசா? இங்கே கிடைப்பது எல்லாம் மெல்லிசு, நனைத்தால் கூழாகிவிடுகிறது. அம்மச்சி ஒரு தடவை தின்று பார்க்கவேண்டும் என்கிறார்.

நெவாத்திம் வர ஆசைப்படுகிறவர்களுக்கு: இங்கே கொச்சி யூதர்களின் தொழுகைக்கூடமும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது. முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிட்டு வாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், எல்லாம் பூட்டியிருக்கும், பஸ்ஸும் கிடையாது. வருகிறவர்கள் ஊரிலிருந்து கொடம்புளி கொஞ்சம் கொண்டுவந்தால் அம்மச்சி மீன்குழம்போடு உங்களை உட்கார வைத்துவிடுவார்.

தாராவித் தமிழன்

கெட்டி அவல்தான் தங்கச்சி. காகா கடையில் இருக்கிறது, இரண்டு பாக்கெட் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.