நுவரெலியா ஏத்தத்தில கார் பெற்றோல் குடிக்குது, நியூட்ரலில இறங்கினால் மிச்சமா?

உப்புவெளிக்காரன்:
என்ர 2015 ஆல்ட்டோ (800 சீசீ, கை கியர்) திருகோணமலைக்குள்ள லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும். எங்கட ஊரில ஏத்தமெண்டால் கோணேசர் கோயில்தானே. போன கிழமை நாலு பேர், சாமான்களோட நுவரெலியா போனம். கண்டியில டாங்க் நிரப்பி மேல போய்த் திரும்ப நிரப்பிப் பார்த்தன்: 77 கிலோமீற்றருக்கு 6 லீற்றர்! பிளக், எயார் ஃபில்டர் எல்லாம் புதுசு. மிச்சம் பிடிக்க வரேக்க நியூட்ரலில விட்டன். புஸ்ஸல்லாவைக்குக் கிட்ட பிரேக் கருகின மணம். என்ன பிழை?

நிலாவெளி வான்:
தம்பி, முதல்ல அந்த நியூட்ரல் பழக்கத்தை விடுங்கோ. உங்கட காருக்கு இன்ஜெக்டர், கணினி அளந்துதான் எஞ்சினுக்குப் பெற்றோல் விடும். கியரில விட்டு அக்சிலேட்டரில இருந்து காலை எடுத்தால் சில்லுதான் எஞ்சினைச் சுத்தும், பெற்றோல் வெட்டுப்படும். நியூட்ரலில எஞ்சின் அணையாமல் இருக்கவே பெற்றோல் போகவேணும். காரைப் பிடிக்கிற முழு வேலையும் பிரேக்கில விழும். அதுதான் மணம். பிரேக் ஒயில் கொதிச்சால் பெடல் அப்பிடியே கீழ போகும், றம்பொடை வளைவில அது விளையாட்டில்லை. பிரேக் பாட்ஸைக் கழட்டிப் பாருங்கோ.

கணக்குப்பிள்ளை:
6 லீற்றர் பிழையான கணக்கில்லை. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1,868. ஆக்களோட ஒரு தொன் பாரத்தை 1,370 மீற்றர் தூக்க 13 மெகாஜூலுக்கு மேல வேணும். பெற்றோலின்ர சக்தியில கால்வாசிக்குக் கொஞ்சம் கூடத்தான் சில்லுக்கு வரும், மிச்சம் சூடாப் போயிடும். அப்ப தூக்கிறதுக்கு மட்டும் ஒண்டரை லீற்றர். உங்கட 18 கணக்கில 77 கிலோமீற்றருக்கு 4.3 லீற்றர், ரெண்டையும் கூட்டிப் பாருங்கோ.

உப்புவெளிக்காரன்:
அட, அப்ப காரில பிழையில்லை! ஏறேக்க நான் மூண்டாவது கியரிலயே அமத்திப் பிடிச்சனான், கார் நடுங்கிச்சு.

நிலாவெளி வான்:
நடுங்க விடாதேங்கோ, ரெண்டாவதுக்கு இறக்குங்கோ. எஞ்சின் குறைஞ்ச சுத்தில இருக்க நல்லா மிதிச்சு ஓடுறது சிக்கனம்தான், ஆனால் திணறாத மட்டும். மேல போகப் போகக் காத்து ஐதாகும், நுவரெலியாவில பலம் ஏறக்குறைய ஆறில ஒரு பங்கு குறையும். கீழ கம்பளையில இழுத்த கியர் மேல இழுக்காது. ஏசியையும் நிப்பாட்டுங்கோ, அந்தக் குளிருக்கு ஏனப்பா? இறங்கேக்க, ஏறின கியரிலயே இறங்குங்கோ.

உப்புவெளிக்காரன்:
அப்பாவின்ர மொறிஸ் மைனருக்கும் இப்பிடித்தானோ?

நிலாவெளி வான்:
அதுக்குக் காபரேற்றர், கணினி இல்லை, எஞ்சின் இழுக்கிற காத்தோடதான் பெற்றோல் போகும்; காலை எடுத்தாலும் வெட்டுப்படாது. ஆனாலும் கியரிலதான் இறங்கவேணும். அந்தக் கிழட்டு டிரம் பிரேக்கை நம்பி நியூட்ரல் போடச் சொல்லமாட்டன்.