ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஊருக்குப் போகும் விமானத்துக்கு ஒரு விதி, திரும்பும் விமானத்துக்கு வேறு விதி

முதன்முறை ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும்போது விலையையும் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதையும் மட்டுமே பார்க்கிறோம். எந்த நிறுவனம், எந்தத் திசையில் பறக்கிறது என்பதைப் பொறுத்தே, விமானம் தாமதித்தாலோ ரத்தானாலோ கேட்கக்கூடிய இழப்பீடு அமைகிறது என்பது, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலைய நாற்காலியில் ஓர் இரவைக் கழித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

2005 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்தும்; வெளியிலிருந்து வரும் விமானத்துக்கோ, அதை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். ஆகவே தோஹா வழியாக வளைகுடா நிறுவனத்தில் சென்னைக்குப் போகும்போது, ஒரே முன்பதிவாக இருந்தால், தோஹாவில் ஏறும் இரண்டாவது விமானம் தாமதித்தாலும் உரிமை உண்டு. அதே நிறுவனத்தில் திரும்பி வரும்போது இந்த விதி கைகொடுக்காது.

சென்னையை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால் 600 யூரோ கேட்கலாம். தாமதம் நான்கு மணி நேரத்துக்குக் குறைவென்றால் நிறுவனம் அதைப் பாதியாக்கலாம். 14 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்து, ஏறக்குறைய அதே நேரத்தில் மாற்று விமானமும் தராவிட்டாலும் இழப்பீடு உண்டு. கடும் புயல் போன்ற காரணங்களுக்கு அது கிடையாது. ஆனால் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். பொதுவாக அது விதிவிலக்காகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இலேயே தீர்ப்பளித்துவிட்டது. புயலே ஆனாலும் சாப்பாடும், இரவு தங்க ஹோட்டலும் தருவது நிறுவனத்தின் கடமை. அன்றிரவு நான் அதைக் கேட்கவில்லை என்பதோடு, ரத்தான டிக்கெட்டுக்கு ஈடாகக் கவுண்டரில் நீட்டிய வவுச்சருக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்து இல்லாதிருந்தால் அவர்கள் ஏழு நாளுக்குள் பணமாகவே திருப்பித் தந்திருக்க வேண்டும்.

நாமே விமானத்தைத் தவறவிட்டால் இந்த விதியில் இடமில்லை. முதல் விமானத்தில் ஏறாவிட்டால், திரும்பும் பயணம் உட்பட மீதி அனைத்தையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும் என்பதால், நமக்குத் தாமதமாகும் என்று தெரிந்தவுடனேயே, விமானம் புறப்படும் முன்பே, நிறுவனத்திடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளில், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், புது டிக்கெட் பெரும்பாலும் நம் செலவுதான்.

கோரிக்கையை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்புங்கள். ஜெர்மனியில் காலக்கெடு மூன்று ஆண்டுகள். அதுவும் பயணம் செய்த ஆண்டின் முடிவிலிருந்தே எண்ணப்படும். அதுவரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.