மெமோரியல் டே: பக்கத்து வீட்டுக்காரரிடம் உளறிவிட்டேன், பழைய கொடி வேறு கராஜில் கிடக்கிறது

புதுவீட்டுக்காரன் (சனி இரவு)

எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில் ஒஹையோவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறோம்.

இன்று காலை புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தபால் பெட்டிப் பக்கம் வந்தார், எழுபதுக்கு மேல் இருக்கும், வழக்கமாக நாய், மழை, தக்காளிச் செடி என்று ஏதாவது பேசிவிட்டுத்தான் போவார். நான் மெஷினை நிறுத்திவிட்டு ரொம்ப உற்சாகமாக ‘ஹேப்பி மெமோரியல் டே’ என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கடிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மனைவியிடம் சொன்னால், அவர் வீட்டு ஜன்னலில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணியில் தங்க நட்சத்திரம் தொங்குகிறதே, நீ பார்த்ததே இல்லையா என்கிறாள். பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் அலங்காரத்தைக் கழற்ற மறந்துவிட்டார்கள் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் தேடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சாப்பாடு இறங்கவில்லை.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா, அல்லது விட்டுவிடுவதே நல்லதா? இன்னொன்று, எங்கள் வாசல் போர்ச்சில் கொடி மாட்டும் இரும்புப் பிடி ஒன்று இருக்கிறது. குடியுரிமை இல்லாதவன் கொடி ஏற்றினால் வேஷம் போடுகிற மாதிரி தெரியுமா? ஹெச்ஓஏ (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) ஏதாவது சொல்லுமா? முன்பிருந்தவர்கள் விட்டுப்போன கொடி ஒன்றும் கராஜில் இருக்கிறது, ஓரமெல்லாம் நார் நாராகிவிட்டது, சிவப்பு ரோஸ் நிறமாகிவிட்டது. குப்பையில் போட மனசு வரவில்லை. ஆகஸ்டில் பையன் பள்ளியில் சேர்கிறான், அங்கே தினமும் காலையில் கொடியைப் பார்த்து நாட்டுப்பற்று உறுதிமொழி சொல்லச் சொல்வார்களாம், அதையும் யாராவது விளக்கினால் நல்லது.

வர்ஜீனியா அக்கா

தம்பி, முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் செய்தது இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பாதிப் பேர் செய்வதுதான். இந்த நாட்டில் மூன்று நாள் இருக்கிறது, மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, படையில் இருந்த எல்லோருக்குமானது, உயிரோடு இருப்பவரிடம் நேரில் நன்றி சொல்கிற நாள். மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை ஆர்ம்டு ஃபோர்சஸ் டே, இப்போது பணியில் இருப்பவர்களுக்கு. மே கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டே, படைக்குப் போய் உயிரோடு திரும்பி வராதவர்களுக்கு மட்டும். அதில் ‘ஹேப்பி’ ஒட்டாது, துக்க வீட்டு வாசலில் நின்று வாழ்த்துச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான், எங்கள் ஜன்னலில் தொங்குவது நீல நட்சத்திரம். முதல் உலகப் போர்க் காலத்து வழக்கம் இது. பிள்ளை இறந்துவிட்டால் அந்த நீலத்தின் மேலேயே தங்க நிறத்தை வைத்து, ஓரத்தில் நீலம் கொஞ்சம் தெரிகிற மாதிரி தைப்பார்கள். ஒவ்வொரு வாரமும் அந்தத் துணியைத் தூசி தட்டும்போது எனக்கு என்ன தோன்றும் என்று இங்கே எழுத முடியாது.

அவரிடம் போங்கள். ஆனால் நீளமாக மன்னிப்புக் கேட்டு உங்களை அவர் சமாதானப்படுத்தும்படி வைத்துவிடாதீர்கள், அது இன்னும் கொடுமை. நட்சத்திரம் யாருக்கு என்று கேளுங்கள். பெயரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த தங்க நட்சத்திரத் தாய்மார்கள் இரண்டு பேர், பெயரை யாரும் கேட்பதில்லை, ஏதோ நோய் மாதிரி ஒதுங்கிப் போகிறார்கள் என்றுதான் சொல்வார்கள்.

முடிந்தால் பையனை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இந்த வாரம் ‘ஓல்டு கார்டு’ படைப்பிரிவு 2,60,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளுக்குச் சின்னக் கொடி நட்டிருக்கும், 1948 முதல் வருடா வருடம் நடக்கிறது. பூட்ஸ் முனையைக் கல்லில் முட்டவைத்து, குதிகால் விழும் இடத்தில் கொடியைக் குத்துவார்கள், அதனால்தான் எத்தனை வரிசை பார்த்தாலும் ஒரே கோடாக இருக்கும். எங்கள் ஊர்த் தோட்டத்தில் நாங்களும் நடுவோம். மண் காய்ந்திருந்தால் குச்சி மளுக்கென்று ஒடியும், அதனால் ஸ்க்ரூ டிரைவரால் முதலில் துளை போட்டுக்கொள்வோம். சில கல்லின் மேல் காசு இருக்கும், பையன் எடுத்துவிடப் போகிறான், முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஒரு சென்ட் என்றால் யாரோ வந்து பார்த்தார்கள், ஐந்து சென்ட் என்றால் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர், பத்து சென்ட் என்றால் கூடப் பணியாற்றியவர், இருபத்தைந்து சென்ட் என்றால் உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவர் என்று அர்த்தம் சொல்வார்கள். போன வருடம் ஒரு கல்லில் நான்கு இருபத்தைந்து சென்ட் காசு பார்த்தேன்.

கம்பமும் கயிறும்

பதினாறு வருடமாகச் சாரணர் குழுவோடு சுற்றுகிறவன், கொடி விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடியைத் தாராளமாக ஏற்றுங்கள். குடியுரிமை இருந்தால்தான் ஏற்றலாம் என்று எங்கேயும் இல்லை. ஹெச்ஓஏ தடுக்கவும் முடியாது, 2006-இல் அதற்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. இடம், நேரம், அளவு பற்றி நியாயமான நிபந்தனை போடலாம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமைக்கு ஒரு தனி விதி உண்டு. காலையிலிருந்து நண்பகல் வரை அரைக்கம்பம், 12 மணிக்கு முழு உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும், பிறகு சூரியன் மறையும் வரை அப்படியே. அரைக்கம்பம் என்றாலும் நேராகப் பாதியில் கொண்டுபோய்க் கட்டக் கூடாது, முதலில் உச்சியைத் தொடவைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது சாய்வுப் பிடி, அதில் பாதியில் நிறுத்த வழியில்லை. அதற்குப் பதில் கொடிக்கு மேலே, கம்பின் நுனியில் கறுப்பு ரிப்பன் கட்டுவார்கள். ராத்திரி விளக்கு போட முடியாவிட்டால் எடுத்து வைத்துவிடுங்கள். சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் பார்க்கிறவருக்கு இடது பக்கம் நட்சத்திரங்கள் வர வேண்டும், இதைத் தப்பாக மாட்டிய வங்கிக் கிளையை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஊர்வலத்தில் கொடி கடந்து போகும்போது நாங்கள் நெஞ்சில் கை வைப்போம். வேறு நாட்டுக் குடிமக்கள் நேராக நின்றால் போதும் என்று கொடிச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக உங்களை நினைத்தே ஒரு வரி போட்டிருக்கிறார்கள், வேஷம் என்ற பேச்சே வேண்டாம்.

பழைய கொடியை எரிக்க வேண்டும். அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் பறக்கவிடத் தகுதியில்லாத கொடியைக் கண்ணியமாக அழிக்க வேண்டும், எரிப்பதே மேல் என்பதுதான் சட்டத்தின் வாசகம். நீங்களே கொல்லையில் வைத்துக் கொளுத்தாதீர்கள், நைலான் என்றால் புகை விஷம், உருகி ஒழுகும் வேறு. அமெரிக்கன் லீஜன் அல்லது விஎஃப்டபிள்யூ என்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் கிளைகளில் வாங்கிக்கொள்வார்கள், பல இடங்களில் வெளியிலேயே பெட்டி வைத்திருப்பார்கள். ஜூன் 14 கொடி நாளை ஒட்டி விழா மாதிரி செய்து எரிப்பார்கள். முக்கோணமாக மடித்துக் கொண்டு போங்கள். முதல் தடவை மடிக்கும்போது கடைசியில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், பிரித்துத் திரும்ப மடியுங்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

எதிர்க்கட்சி

யாராவது மறுபக்கமும் சொல்ல வேண்டும் இல்லையா, நான் சொல்கிறேன். அந்தப் பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த வார இறுதி முழுக்க மெத்தைக் கடைத் தள்ளுபடிக்குக் கொடி, பேப்பர் தட்டில் கொடி, நீச்சல் டவுசரில் கொடி. அந்தத் தட்டில் கெட்சப் தடவித் தின்றுவிட்டுத் தூக்கி எறிகிறார்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே, ஆடையாக உடுத்தாதே, எறிந்துவிடும் பொருளில் அச்சடிக்காதே என்று கம்பமும் கயிறும் அண்ணன் சொல்கிற அதே கொடிச் சட்டத்தில்தான் இருக்கிறது. அதை மீறினால் தண்டனை கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் புதிதாக வந்தவன் மட்டும் நுனிக்காலில் நடக்க வேண்டுமா?

பையன் விஷயம். உறுதிமொழி சொல்லும்படி எந்த அரசுப் பள்ளியும் கட்டாயப்படுத்த முடியாது. 1940-இல் கட்டாயப்படுத்தலாம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், மூன்றே வருடத்தில் 1943 பார்னெட் வழக்கில் தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டது, அதுவும் உலகப் போர் நடுவில், அதுவும் ஜூன் 14 கொடி நாளன்றே. வழக்குப் போட்டது யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம். கொடியை எதிர்ப்புக்காக எரிப்பதும் பேச்சுரிமைதான் என்று 1989-இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது, கட்டுப்பெட்டி என்று பெயரெடுத்த நீதிபதி ஸ்காலியாவே அந்த ஐந்தில் ஒருவர்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர் பகத் சிங் திண்ட் 1918-இல் தலைப்பாகையோடு இதே ராணுவத்தில் இருந்தார். 1923-இல் நீ வெள்ளையன் இல்லை, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்காக 1935-இல் சட்டம் வந்த பிறகு, 1936-இல்தான் அவருக்குக் கிடைத்தது. கொடிக்கு மரியாதை செய்யுங்கள், ஆனால் அது திருப்பி மரியாதை செய்ய எத்தனை வருடம் எடுத்துக்கொண்டது என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள்.

கம்பமும் கயிறும்

பேப்பர் தட்டு விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு, எங்கள் குழு விருந்திலேயே இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். தீர்ப்பும் சரிதான். நாங்கள் எரிக்கிறதும் தீதான், அவர்கள் எரிக்கிறதும் தீதான், துணிக்கு வித்தியாசம் தெரியாது. பிடிக்கிறதோ இல்லையோ, ஆள் எந்த மனசோடு எரிக்கிறான் என்று போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வர்ஜீனியா அக்கா

எதிர்க்கட்சி தம்பி, திண்ட் கதை என் மகனுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். தெரிந்துதான் சேர்ந்தான். அப்புறம், மெத்தைத் தள்ளுபடி எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதற்கும் அந்த வீட்டு ஜன்னலுக்கும் சம்பந்தமில்லை.

புதுவீட்டுக்காரன் (திங்கள் மாலை)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கொடியை நானும் பையனும் கார்ப்பெட்டின் மேல் வைத்து மடித்தோம். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. இங்கிருந்து பத்து நிமிடத்தில் ஒரு லீஜன் கிளை, வாசலில் பழைய தபால் பெட்டி ஒன்றுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டு வந்தோம். பையன் அதற்கு பை சொன்னான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரியவர் வீட்டு முன்னால் உயரக் கம்பம் உண்டு. இன்று 12 மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெளியே வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் எங்கள் புல்தரையிலேயே நேராக நின்றோம், கை வைக்கவில்லை, அண்ணன் சொன்னபடி. கயிற்றைப் பின்னி முடித்தபிறகு போய், சனிக்கிழமை சொன்னது தெரியாமல் சொன்னது, அந்த நட்சத்திரம் யாருக்கு என்று கேட்டேன். மகன். பெயர் சொன்னார், இங்கே எழுதவில்லை. 2004, இராக். தக்காளிச் செடி அவன் ஆரம்பித்த பழக்கமாம், வீட்டில் வேறு யாருக்கும் தக்காளி பிடிக்காதாம். நாங்கள் அப்படியே நின்று கொஞ்ச நேரம் தக்காளியைப் பற்றியே பேசினோம்.

கிளம்பும்போது எங்கள் போர்ச்சைக் காட்டி, அந்தப் பிடியில் கீழ்த் திருகு கழன்றிருக்கிறது, அதை நம்பிக் கொடி மாட்டினால் முதல் காற்றிலேயே பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும் என்றார். நாளை சாயங்காலம் டிரில்லை எடுத்துக்கொண்டு வருகிறாராம்.