மீளாய்வுக் கூட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

மதகடி:
எங்கள் ஏரியில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டி மண் அள்ளுகிறார்கள் என்று போன ஆடியில் இரண்டு ராத்திரி கண் விழித்து டிப்பர் நடையை எண்ணினோம். மறுநாள், நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் மீளாய்வுக்காக டீக்கடை மாடியில் கூடிப் பேசினோம். ஒருவர் மினிட் நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார்: எந்த வண்டி எத்தனை நடை, எந்த வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம், ஒரே நடைச்சீட்டை (ஒரு நடைக்கான அனுமதிச் சீட்டு) வைத்து நாலு நடை அடிக்கிறார்கள் என்று சொன்ன ஓட்டுநர் யார். வர முடியாதவர்களுக்காக அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். மூன்றாம் நாள் ஓட்டுநருக்கு வேலை போனது. குழுவில் 63 பேர். யார் வழியாகப் போனதென்று யாரைக் கேட்பது? அதனால் சொல்கிறேன்: வேலை முடிந்ததும் பேசுங்கள், எழுதாதீர்கள். பேசுவதும் அந்த இடத்தில் இருந்தவர்கள் மட்டும்தான்.

நெல்லைக்காரி:
அண்ணே, ஓட்டுநருக்கு நடந்தது கொடுமைதான். ஆனால் நீங்கள் சொல்லும் மருந்தை நான் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தவள். நான் இருந்த குழுவில் "பாதுகாப்பு" என்று சொல்லியே ஆறு பேர் தனியாகப் பேசுவார்கள். பெண்களுக்கு வேலை வரும், விவரம் வராது. ஒரு முற்றுகையில் எங்களை முன்வாசலில் நிறுத்திவிட்டு, பேச்சுவார்த்தை முடிந்ததும் அவர்கள் பின்வாசல் வழியே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் ஆறரை மணி வரை வெயிலோடு நின்றோம். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் வெளியே பேசக் கூடாது." வசூல் கணக்கு கேட்டாலும் அதே பதில். போலீசுக்குத் தெரியக் கூடாது என்று ஆரம்பித்தது, கடைசியில் எங்களுக்குத் தெரியக் கூடாது என்று ஆகிவிட்டது.

பழைய சைக்கிள்:
நானும் நெல்லைக்காரி பக்கம். இங்கிலாந்தில் மார்க் கென்னடி என்ற போலீஸ்காரர் 2003 முதல் ஏழு வருடம் சுற்றுச்சூழல் குழுக்களுக்குள் மார்க் ஸ்டோன் என்ற பெயரில் இருந்தார். கையில் வண்டி, பணம், எந்த வேலைக்கும் தயார். அப்படிப்பட்டவர் உள்வட்டத்தில் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்? 2010-இல் நண்பர்களே கண்டுபிடித்தார்கள். ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்துக்குள் நுழையத் திட்டமிட்டதாகப் போட்ட வழக்கு, அவர் விவகாரம் வெளியானதும் 2011 ஜனவரியில் கவிழ்ந்தது. கதவைச் சாத்தினால் உளவாளி வெளியே நிற்பான் என்று நினைக்காதீர்கள்.

மதகடி:
சைக்கிள் தோழர், அதே கதையை வைத்து நானும் பேசலாம். எல்லா விவரமும் எல்லாருக்கும் போகவில்லை என்றால் அந்த ஆளால் எவ்வளவு அள்ள முடியும்? அப்புறம், இங்கே நம் பிரச்சினை உளவுத்துறை இல்லை, குவாரிக்காரர்கள். திருமயம் பக்கம் சட்டவிரோதக் கல்குவாரிகள் பற்றி மனு கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் குவாரி உரிமையாளரும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு நான் எப்படி நோட்டில் பெயர் எழுத?

வழக்குக்கட்டு:
வக்கீலாகக் குறுக்கிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு விவரங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். வாசல் குழப்பம், வசூல் கணக்கு, யார் தாமதமாக வந்தார்கள் என்பதெல்லாம் குழுவுக்குச் சொந்தம். எழுதியே ஆக வேண்டும். தகவல் கொடுத்தவர் பெயர் அவருக்குச் சொந்தம். சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் பிரிவு 8(1)(ஜி), வெளியிட்டால் ஒருவர் உயிருக்கு ஆபத்து வரும் விவரத்தை மறுக்க இடம் தருகிறது. மனு போடுகிறவர் வீட்டு முகவரிகூடத் தர வேண்டியதில்லை, அஞ்சல்பெட்டி எண் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை, தெருப் பெயர் முதற்கொண்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

போன் விஷயத்தில் ஒன்று. வாட்ஸ்அப்பில் படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரம் அதோடே போகலாம். எந்த வரப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பது அதிலேயே தெரியும்.

நெல்லைக்காரி:
பிரித்து வைப்பது சரிதான் சார். ஆனால் எது எந்தப் பக்கம் என்று முடிவு செய்யப்போவது யார்? மறுபடியும் அந்த ஆறு பேர்தானே! எங்கள் முற்றுகைக் குளறுபடியையும் "ஆபத்தான தகவல்" என்றுதானே சொன்னார்கள். ஆபத்து யாருக்கோ அவர்தான் சொல்ல வேண்டும். மதகடி அண்ணே, அந்த ஓட்டுநரிடம் உங்கள் குழுவில் யாராவது கேட்டீர்களா?

மதகடி:
கேட்கவில்லை. இப்போது திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வக்கீல் சார், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா?

வழக்குக்கட்டு:
அவசரப்படாதீர்கள். அழைப்பாணை ஏதாவது வந்திருந்தால் கிழிப்பதே தனிக் குற்றம். வராவிட்டாலும் வண்டி எண்ணும் நடைக் கணக்கும் அதில்தானே இருக்கின்றன, நாளைக்கு ஏரி வழக்குக்கு வேண்டும். குழுவில் போட்ட படம்தான் சிக்கல். ‘அனைவருக்கும் நீக்கு’ இரண்டரை நாளுக்கு மேல் வேலை செய்யாது. 63 பேரிடமும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும்.